சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை எவ்வளவு ஓடிவரும்? எந்தக் கணக்கு முறை எதற்கு

சிறுபாலம் கட்ட வேண்டும், பண்ணைக்குட்டை வெட்ட வேண்டும், அல்லது ஓடையில் தடுப்பணை போட்டால் நிரம்புமா என்று பார்க்க வேண்டும். மேலே இருப்பது சில பத்து ஹெக்டேரிலிருந்து சில சதுர கிலோமீட்டர் வரையிலான நிலம். மழைக் கணக்கு கையில் இருக்கிறது. ஓடையில் எவ்வளவு ஓடியது என்ற கணக்கு இல்லை. எந்த முறையை எடுப்பது என்று கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே இரண்டு மூன்று முறைகளில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்தான். வந்த விடைகள் ஒன்றுக்கொன்று மூன்று மடங்கு தள்ளி நிற்பதால்தான் கேட்கிறார்கள்.

அந்த இடைவெளியைப் பார்த்து முறைகளே பொய் என்று நினைக்க வேண்டாம். பாதி நேரம் அவை வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. மீதி நேரம், மழையின் ஏற்ற இறக்கத்தை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் தட்டிச் சமப்படுத்திவிடுகிறது. எந்த இடத்தில் சமப்படுத்துகிறது என்று தெரிந்துகொண்டால் தேர்வு பெரும்பாலும் முடிந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், கேள்வி என்ன என்பது. சிறுபாலத்துக்கு வேண்டியது உச்ச ஓட்டம், அதாவது வெள்ளம் அதிகபட்சமாக ஓடும் அந்தச் சில நிமிடங்களில் விநாடிக்கு எத்தனை கன மீட்டர். குட்டைக்கு வேண்டியது ஒரு மழையில் வந்து சேரும் மொத்த நீர். அணை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை நிரம்பும் என்பதற்கு வேண்டியது பல ஆண்டுகளின் நாள்வாரி வரிசை. மூன்றுக்கும் ஒரே முறை போதும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

இரண்டாவது, கையில் இருக்கும் தரவு: நாளுக்கு ஒரு மழை அளவா, ஐந்து நிமிடத்துக்கு ஒன்றா? மூன்றாவது, விடையை எதனோடாவது ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியுமா? நான்காவது, கணக்கு தப்பினால் யாருக்கு என்ன ஆகும்? குட்டை அரைகுறையாக நிரம்பினால் ஏமாற்றம். கரை உடைந்தால் கீழே இருக்கும் வீடுகள்.

பலரும் தாண்டிப்போவது ஐந்தாவதை: மழையின் மாறுபாட்டை அந்த முறை எப்படிக் கையாளுகிறது? மாறுபாடு மூன்று விதம். ஒரே மழைக்குள் வேகம் மாறுவது ஒன்று. மழைக்கும் மழைக்கும் இடையில் மண்ணின் ஈரம் மாறுவது இன்னொன்று. ஒரு பக்கம் கொட்டி மறுபக்கம் தூறுவது மூன்றாவது. இவை ஏன் முக்கியம் என்றால், நிலம் மழையை ஒரே விகிதத்தில் ஓடவிடுவதில்லை. முதலில் இலை, மண், பள்ளம் எல்லாம் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் வருவதுதான் ஓடும்.

ஒரு கணக்கு பாருங்கள். கீழே வரும் வளைவு எண் முறையில், எண் 75 உள்ள நிலம். பகுதி முழுக்க 50 மி.மீ. பெய்தால் ஓடுவது சுமார் 9 மி.மீ. அதே சராசரி 50 மி.மீ.தான், ஆனால் பாதி நிலத்தில் 100, மறுபாதியில் ஒன்றுமில்லை என்று வையுங்கள். நனைந்த பாதியில் 41 மி.மீ. ஓடும். முழுப் பகுதிக்கும் பரப்பினால் 20 மி.மீ.க்கு மேல். மொத்த மழை ஒன்றுதான், ஓடியது இரு மடங்குக்கு மேல். மழையை முதலில் சராசரியாக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் ஓடுநீர் குறைவாகத்தான் வரும். மாத மொத்தம், ஆண்டு மொத்தம் வைத்துப் போடும் கணக்குகளில் இந்தக் கோளாறு இன்னும் பெரிது: 15 மி.மீ. வீதம் இடைவெளி விட்டுப் பத்து நாள் பெய்தால் அந்த நிலத்தில் ஒரு சொட்டும் ஓடாது, 150 மி.மீ. ஒரே நாளில் பெய்தால் 81 மி.மீ. ஓடும்.

## ரேஷனல் முறை

எல்லாவற்றிலும் பழையது, எளியது. அயர்லாந்தில் முல்வனி 1851இல் சொன்னது, அமெரிக்காவில் குயிச்லிங் 1889இல் நகரச் சாக்கடைக்குப் பயன்படுத்தியது. ஓட்டக் கெழு (மழையில் ஓடும் பங்கைக் காட்டும் எண்), மணிக்கு மி.மீ. கணக்கில் மழை வேகம், ஹெக்டேரில் பரப்பு மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுத்தால் விநாடிக்குக் கன மீட்டரில் உச்ச ஓட்டம். 40 ஹெக்டேர், கெழு 0.4, வேகம் மணிக்கு 60 மி.மீ. என்றால் விநாடிக்கு 2.7 கன மீட்டர். கைப்பேசியிலேயே முடிந்துவிடும்.

சிக்கல் அந்த மழை வேகத்தில் இருக்கிறது. எடுக்க வேண்டியது, மிகத் தொலைவிலுள்ள மூலையிலிருந்து நீர் பகுதியை விட்டு வெளியேறும் இடத்துக்கு வந்துசேர ஆகும் நேரத்துக்கான வேகம். கிர்பிச் 1940இல் தந்த சூத்திரப்படி, 900 மீட்டர் நீளமும் 2 சதவீதச் சரிவும் உள்ள ஓடைக்கு அது சுமார் 17 நிமிடம். ஆக, 17 நிமிட மழையின் வேகம் தேவை. நாள் மழைமானியில் அது கிடைக்காது. 100 மி.மீ. நாள் மழையை 24ஆல் வகுத்து மணிக்கு 4 மி.மீ. என்று போடுபவர்கள் உண்டு. அப்படி வடிவமைத்த சிறுபாலம் முதல் பெருமழைக்கே மூழ்கும். குறுநேர மழைக்கான வேகம்-நேரம்-மீள்காலம் (அப்படிப்பட்ட மழை சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பது) வரைபடம் அந்த வட்டாரத்துக்கு இருக்கிறதா என்பதுதான் இந்த முறையின் உண்மையான விலை.

அடுத்தது கெழு. அது நிலத்தின் நிலையான குணம் மாதிரி அட்டவணையில் உட்கார்ந்திருக்கும். ஆனால் பெருமழையில் மண் நிரம்பிவிடுவதால் கெழு கூடும். அதனால்தான் 25 ஆண்டு மழைக்கு 1.1, 50 ஆண்டுக்கு 1.2, 100 ஆண்டுக்கு 1.25 என்று பெருக்கிக்கொள்ளச் சொல்லும் கையேடுகள் உண்டு. பகுதி முழுக்க ஒரே வேகத்தில் பெய்கிறது என்பதும் இதன் அனுமானம். பரப்பு கூடக் கூட அது உண்மையாக இருக்க வாய்ப்பு குறையும், அதனால் 80 ஹெக்டேரைச் சுற்றி நிறுத்திக்கொள்வது வழக்கம்.

சாலையோர வடிகால், கூரை, தளம் போட்ட முற்றம், சின்னப் பாலம் ஆகியவற்றுக்கு இது போதும். நீர் உறிஞ்சாத தளத்தில் கெழு அவ்வளவாக மாறாது என்பதால் அங்கேதான் இது மிகவும் நம்பகமானது. உச்ச ஓட்டத்தை மழை பெய்த நேரத்தால் பெருக்கி மொத்த நீர் என்று எடுத்துக்கொள்வது மட்டும் வேண்டாம்.

## வளைவு எண் முறை

கர்வ் நம்பர் என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். அமெரிக்க வேளாண் துறையின் மண் பாதுகாப்புப் பிரிவு 1950களில் சிறிய விவசாயப் பகுதிகளின் அளவீடுகளிலிருந்து உருவாக்கியது. நாள் மழை, மண் வகை, நிலப் பயன்பாடு மூன்றும் இருந்தால் போதும். மண்ணை நீர் இறங்கும் வேகத்தைக் கொண்டு நான்கு குழுவாகப் பிரித்து, பயிர், புல், காடு, தளம் என்று பார்த்து அட்டவணையில் 100க்குள் ஒரு எண்ணை எடுக்க வேண்டும். 25400ஐ அந்த எண்ணால் வகுத்து 254ஐக் கழித்தால், நிலம் தேக்கக்கூடிய அளவு மி.மீ.யில் கிடைக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு தொடக்க இழப்பு. மழையிலிருந்து தொடக்க இழப்பைக் கழித்தால் மீதி மழை. மீதி மழையின் வர்க்கத்தை, மீதி மழையும் தேக்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் ஓடுநீர்.

எண் 75க்குத் தேக்கம் 85 மி.மீ., தொடக்க இழப்பு 17 மி.மீ. 50 மி.மீ. மழைக்கு 9 மி.மீ., 100க்கு 41. மழை இரட்டித்தால் ஓடுநீர் நான்கு மடங்குக்கு மேல். ரேஷனல் முறையில் இந்த வளைவு கிடையாது, அங்கே இரட்டித்தால் இரட்டிப்புதான்.

இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே இதை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். மழை அளவில் 10 சதவீதம் முன்பின் ஆனால், 50 மி.மீ.க்கு விடை 7லிருந்து 12 மி.மீ. வரை போகும். எண்ணை 75க்குப் பதில் 65 என்று எடுத்தால் 3 மி.மீ., 85 என்று எடுத்தால் 20 மி.மீ. அட்டவணையில் 'நல்ல நிலை', 'மோசமான நிலை' என்ற இரண்டு வரிகளுக்கு நடுவே தடுமாறினாலே கிட்டத்தட்ட இவ்வளவு தூரம் நகர்ந்துவிடலாம். மழைமானியில் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்த்துவிட்டு, எண்ணைக் குத்துமதிப்பாக எடுப்பதில் பொருளில்லை.

மண் ஈரம் அதற்கு மேல். நடுத்தர நிலையில் 75 என்றால் வறண்ட நிலைக்கு 57, நனைந்த நிலைக்கு 88 என்று மாற்று அட்டவணை தருகிறது. அதே 50 மி.மீ. மழைக்கு விடை ஒரு மி.மீ.க்கும் குறைவிலிருந்து 24 மி.மீ. வரை போகிறது. முந்தைய ஐந்து நாள் மழையை வைத்து எந்த நிலை என்று முடிவு செய்யும் பழைய விதி ஒன்று இருந்தது. பிற்பாடு அந்த நிறுவனமே அதைக் கைவிட்டு, இந்த மூன்றையும் சிதறலின் நடு, இரு விளிம்புகள் என்று பார்க்கச் சொன்னது. அந்தப் பார்வைதான் சரி என்று நினைக்கிறேன். ஒரே எண்ணைத் தராமல் மூன்று எண்ணுக்கும் விடையைக் காட்டுங்கள்.

இன்னும் சில பொறிகள் இருக்கின்றன. தொடக்க இழப்பு ஐந்தில் ஒரு பங்கு என்பது மிகவும் சிதறிய தரவிலிருந்து வந்தது. இருபதில் ஒரு பங்குதான் பல இடங்களில் நன்றாகப் பொருந்துகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. சரி என்று அந்தப் பங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய அட்டவணை எண்ணை அப்படியே வைத்துக்கொண்டால் ஓடுநீர் கூடுதலாக வந்துவிடும். எண்ணும் சேர்ந்து மாற வேண்டும். அப்புறம், சூத்திரத்தில் நேரமே இல்லை. 50 மி.மீ. ஒரு மணியில் பெய்தாலும் ஒரு நாள் முழுக்கத் தூறினாலும் ஒரே விடை. ஓடுநீர் 12, 13 மி.மீ.க்குக் குறைவாக வரும் சின்ன மழைகளில் இதன் துல்லியம் குறைகிறது என்று அந்த நிறுவனத்தின் கையேடே எச்சரிக்கிறது. மேலே நான் போட்ட 9 மி.மீ.யும் அந்த வரம்புக்குள்தான் வருகிறது.

இத்தனைக்குப் பிறகும், நாள் மழை மட்டும் இருக்கும் விவசாய நிலத்தில், ஒரு பெருமழையின் மொத்த நீர் வேண்டும் என்றால் நான் முதலில் எடுப்பது இதைத்தான். அடர்ந்த காட்டுச் சரிவுக்கு எடுக்க மாட்டேன். அங்கே மழை எல்லாம் மண்ணுக்குள் இறங்கி, அடிவாரத்தில் ஏற்கெனவே நிரம்பிய ஈர நிலத்திலிருந்துதான் ஓட்டம் கிளம்பும். அந்த ஈரப் பரப்பு பருவத்தோடு விரியும், சுருங்கும். அட்டவணை எண்ணுக்கு அது தெரியாது.

## மண் உறிஞ்சும் வேகத்தை வைத்துக் கணக்கிடுவது

ஹார்டன் 1933இல் விளக்கியபடி, மண் உறிஞ்சும் வேகத்தை மழையின் வேகம் தாண்டும்போது மீதி மேலே ஓடும். உறிஞ்சும் வேகத்துக்கு கிரீன், ஆம்ப்ட் இருவரும் 1911இல் தந்த சமன்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இப்படி நிமிடத்துக்கு நிமிடம் கிடைக்கும் மீதி மழையை, ஷெர்மன் 1932இல் கொண்டுவந்த அலகு நீர்வரைபடத்தின் (ஓர் அலகு மீதி மழைக்கு ஓட்டம் எப்படி ஏறி இறங்கும் என்று காட்டுவது) வழியே செலுத்தினால் வெள்ளத்தின் ஏற்றமும் இறக்கமும் முழுதாக வரும். ஹெச்.இ.சி.-ஹெச்.எம்.எஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இதையெல்லாம் செய்துகொடுக்கும்.

ஒரே மழைக்குள் வேகம் மாறுவதைப் பிடிக்கும் முறை இது. மணலும் களியும் கலந்த நடுத்தர மண்ணுக்குக் கையேடுகள் தரும் நீர் கடத்தும் வேகம் மணிக்கு சுமார் 3.4 மி.மீ. 50 மி.மீ. ஒரு நாள் முழுக்கச் சீராகப் பெய்தால் மணிக்கு 2 மி.மீ.தான், ஒன்றும் ஓடாது. ஒரு மணியில் கொட்டினால் கணிசமாக ஓடும். வளைவு எண்ணுக்கு இரண்டும் ஒன்று என்பதை நினைவில் வையுங்கள்.

விலை என்ன? ஐந்து அல்லது பத்து நிமிட மழைப்பதிவு ஒன்று. மண் அளவீடு இன்னொன்று. நீர் கடத்தும் வேகம் மணலுக்கு மணிக்கு 118 மி.மீ., களிமண்ணுக்கு 0.3 மி.மீ. என்று அட்டவணை சொல்கிறது. ஒரே வயலில் நாலு இடத்தில் வளையம் வைத்து அளந்தாலும் பத்து மடங்கு வித்தியாசம் வரலாம். போதாக்குறைக்கு, உழுத வெற்று மண்ணில் முதல் மழைத்துளிகள் மேற்பரப்பை இறுக்கி ஓடு கட்டிவிடும். அதன் பிறகு உறிஞ்சும் வேகம் அட்டவணையில் உள்ளதில் சிறு பங்காகிவிடும். திரையில் வரும் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அடியில் இருக்கும் அந்த ஒரு எண் அனுமானம்தான்.

பயிர் குறைந்த, மண் இறுகிய, குறுகிய கனமழை கொட்டும் நிலத்துக்கும், உச்சமும் மொத்தமும் சேர்ந்து தேவைப்படும் தேக்க வடிவமைப்புக்கும் இது ஏற்றது.

## தொடர் கணிப்பு

ஒரு மழையை மட்டும் பார்க்காமல் வருடக் கணக்கில் நாள்தோறும் மண் ஈரத்துக்கு வரவு செலவு எழுதுவது. மழை வரவு, ஆவியாவதும் பயிர் உறிஞ்சுவதும் கீழே இறங்குவதும் செலவு. விவசாயப் பகுதிகளுக்கு ஸ்வாட், நகரங்களுக்கு எஸ்.டபிள்யு.எம்.எம் என்று பெயர்பெற்ற மாதிரிகள் உண்டு. மழைக்கு முன் மண் எப்படி இருந்தது என்று ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கே சொல்லிவிடும்.

ஆனால் அளவுருக்கள், அதாவது மாதிரிக்கு நாம் கொடுக்க வேண்டிய எண்கள், ஏராளம். அளந்த ஓட்டம் இல்லாமல் அவற்றைத் திருத்த வழியில்லை. அளந்த ஓட்டம் இருந்தாலும், முற்றிலும் வேறுபட்ட பல அளவுருத் தொகுப்புகள் ஒரே அளவு நன்றாகப் பொருந்தும். எது உண்மை என்று தரவு சொல்லாது. தொடக்க மண் ஈரம் ஊகம் என்பதால், முதல் ஓரிரு ஆண்டு விடைகளைத் தள்ளிவிடவும் வேண்டும். 30 ஹெக்டேர் குட்டைக்கு ஸ்வாட் ஓட்டுவது எனக்கு அதிகப்படியாகத்தான் தெரிகிறது. அதே தத்துவத்தை விரிதாளில் ஒரே ஒரு மண் தொட்டியாக வைத்து எழுதினால் பல வேலைகளுக்குப் போதும்.

## அளந்துவிடுவது

இது கணக்கு முறையே இல்லை என்பார்கள். ஆனால் இதுதான் மற்ற எல்லாவற்றின் விடையையும் தரைக்கு இழுத்து வரும். ஓடையில் 90 பாகை வி-வடிவ வெட்டுள்ள தடுப்புப் பலகை வைத்தால், வெட்டின் அடியிலிருந்து நீர்மட்ட உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை 2.5 அடுக்குக்கு உயர்த்தி 1.38ஆல் பெருக்கினால் விநாடிக்குக் கன மீட்டர். 30 செ.மீ. உயரத்துக்கு விநாடிக்கு 68 லிட்டர். உயரத்தில் 10 சதவீதம் பிசகினால் ஓட்டத்தில் 27 சதவீதம் பிசகும். பலகைக்குப் பின்னால் வண்டல் சேரும், பெருவெள்ளம் பக்கவாட்டில் புகுந்து போகும், கருவி மிக அவசியமான இரவில் அடித்துக்கொண்டும் போகும். இவையெல்லாம் விலைப்பட்டியலில் வராத செலவு.

இதைவிட மலிவான வழி, ஏற்கெனவே இருக்கும் குட்டை. அதன் ஆழத்துக்கும் கொள்ளளவுக்கும் ஒரு அட்டவணை போட்டு, உள்ளே ஒரு அளவுகோல் நட்டு, பக்கத்தில் ஒரு மழைமானி வைத்தால் போதும். 20 ஹெக்டேரிலிருந்து நீர் வரும் குட்டையில் 60 மி.மீ. மழைக்குப் பிறகு 3,600 கன மீட்டர் கூடியிருந்தால், குட்டையின் மேலேயே விழுந்த மழையைக் கழித்த பிறகு அது 18 மி.மீ. ஓடுநீர். இதிலிருந்து வளைவு எண்ணைத் திரும்ப எடுக்கலாம். மழையோடு ஓடுநீரின் இரு மடங்கைக் கூட்டினால் 96. ஓடுநீர் வர்க்கத்தின் நான்கு மடங்கையும், மழையையும் ஓடுநீரையும் பெருக்கி வந்ததன் ஐந்து மடங்கையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 81.8. வித்தியாசத்தை ஐந்தால் பெருக்கினால் தேக்கம் 71 மி.மீ., எண் 78. சின்ன மழைகளில் இப்படி எடுக்கும் எண் வழக்கமாக அதிகமாக வரும், ஏனென்றால் ஓடாத சின்ன மழைகள் கணக்கிலேயே சேருவதில்லை. மழை பெரிதாகும்போது எண் இறங்கி ஒரு மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்தைத்தான் எடுக்க வேண்டும்.

வட்டாரச் சூத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரப்பை மட்டும் வைத்து உச்ச ஓட்டம் சொல்லும் டிக்கன்ஸ் (1865), ரைவ்ஸ் (1884) போன்றவை. உருவான வட்டாரத்தில் ஒரு குறுக்குச் சோதனைக்கு உதவும். வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| முறை | தரும் விடை | தேவையான மழைத் தரவு | எந்த மாறுபாட்டைப் பிடிக்கும் | ஒளிந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ரேஷனல் | உச்ச ஓட்டம் | குறுநேர மழை வேகம் | எதையும் இல்லை | வேக வரைபடம் கிடைப்பது |
| வளைவு எண் | ஒரு மழையின் மொத்த நீர் | நாள் மழை | மண் ஈரத்தை ஓரளவு | எண்ணைத் தேர்வதில் வரும் பெரும் பிழை |
| உறிஞ்சும் வேகம் | உச்சம், மொத்தம், வெள்ளத்தின் வடிவம் | ஐந்து, பத்து நிமிடப் பதிவு | மழைக்குள் மாறும் வேகத்தை | மண் அளவீடு, இடத்துக்கு இடம் சிதறல் |
| தொடர் கணிப்பு | பல ஆண்டு வரிசை | பல ஆண்டு நாள் மழை, வானிலை | மண் ஈரத்தை முழுதாக | திருத்துவதற்கு அளந்த ஓட்டம், நேரம் |
| அளவீடு | நடந்தது என்ன | உள்ளூர் மழைமானி | எல்லாவற்றையும், அந்தப் பருவத்துக்கு மட்டும் | காத்திருப்பு, பராமரிப்பு |

இடத்துக்கு இடம் மாறும் மழையை முதல் நான்கும் தாமாகப் பிடிக்காது என்பதைக் கவனியுங்கள். பகுதியைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மழை கொடுத்தால்தான் அது கணக்கில் வரும். அதற்குக் கூடுதல் மழைமானி வேண்டும். சில சதுர கிலோமீட்டர் பகுதிக்கு, இடிமழை அதிகமாக இருந்தால், புது மென்பொருளைவிட இரண்டாவது மழைமானிக்குச் செலவழிப்பேன்.

## எந்த நிலையில் எது

சாலைக்கடியில் குழாய், மேலே 50 ஹெக்டேர், குறுநேர வேக வரைபடம் இருக்கிறது: ரேஷனல். வேறு எதுவும் வேண்டாம். வரைபடம் இல்லை என்றால், வளைவு எண்ணில் மொத்த நீரைக் கணக்கிட்டு, அதே நிறுவனத்தின் பொது அலகு நீர்வரைபடத்தால் உச்சத்தை எடுக்கலாம். ஆனால் நாள் மழையை மணிகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் வடிவம் அங்கே ஒரு அனுமானமாக நுழைகிறது. அந்த வடிவத்தை மாற்றிப் பார்த்து, உச்சம் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள்.

கட்டடங்கள் வந்தபின் வெள்ளம் எவ்வளவு கூடும் என்ற கேள்விக்கு, முன்னும் பின்னும் ஒரே முறையில் போட்டு வித்தியாசத்தை மட்டும் நம்பலாம். இரண்டு எண்ணையும் தனித்தனியாக நம்புவதைவிட இது பாதுகாப்பானது.

தடுப்பணை நிரம்புமா என்று கேட்டால், இருபது முப்பது ஆண்டு நாள் மழையை விரிதாளில் ஒரு மண் தொட்டி வழியே ஓட்டுங்கள். அல்லது ஈரத்தோடு மாறும் வளைவு எண் வழியே. 'சராசரி ஆண்டில் இத்தனை கன மீட்டர்' என்று விடை எழுதுவதைவிட, முப்பதில் எத்தனை ஆண்டு நிரம்பியது என்று எழுதுவது உதவும். அருகில் குட்டை இருந்தால் ஒரு பருவம் அளந்து, எண்ணைத் திருத்திக்கொண்டு மறுபடி ஓட்டுங்கள். கலிங்கின் (மிகுநீர் வெளியேறும் வழி) அகலத்துக்கு மட்டும் இந்தக் கணக்கை எடுக்காதீர்கள். அது உச்ச ஓட்டக் கேள்வி. மண் நனைந்து கிடக்கும்போது பெருமழை வருவதாக வைத்து, அரிதான மீள்காலத்துக்குத் தனியாகப் போட வேண்டும். இரண்டு முறைகள் இரண்டு விடை தந்தால் அங்கே பெரியதை எடுங்கள்.